நூல் ஓடுது... கணக்கு நிக்குது!

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலைக்குள் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? நவீன மில் என்றால், ப்ளோரூமில் சுத்தமாகும் பஞ்சு குழாய் வழியாகக் காற்றிலேயே கார்டிங் மெஷினுக்குப் போகும். அங்கே கனத்த திரியாகி, உயரமான கேனுக்குள் விழும். கேன் நிறைந்ததும் அடுத்த மெஷினுக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். ஒரு மெஷின் கொடுப்பதை இன்னொரு மெஷின் வாங்கிக்கொள்ளும். அவ்வளவுதான் சூத்திரம்.

கணக்கு விஷயத்துக்கு வாருங்கள். ராஜபாளையம் பஞ்சுக் கமிஷன் மண்டியோ, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடையோ, கம்ப்யூட்டர் புகுந்த காலத்தில் நம்மூர்களில் பார்த்த கூத்து இது: ஒரு புரோகிராமில் இருக்கும் கணக்கை பிரின்ட் எடுத்து, இன்னொரு புரோகிராமில் திரும்ப டைப் அடிப்பது. கேட்டால், "கறுப்புத் திரை டாஸ் சார், அதுல இவ்வளவுதான் முடியும்" என்பார்கள்.

சுத்தப் பொய்!

தோட்டத்து ஹோஸைத் திருகி மாட்டுகிற மாதிரி புரோகிராம்களை இணைக்க வேண்டும் என்று அமெரிக்காவின் பெல் லேப்ஸில் டக் மெக்கில்ராய் எழுதிவைத்தது 1964-ல். கென் தாம்ப்ஸன் அதை யூனிக்ஸில் செய்து காட்டியது 1973-ல். பெயரே 'பைப்'. ஒரு புரோகிராம் எழுத எழுத, மற்றது வாங்கிக்கொண்டே இருக்கும். ப்ளோரூம் குழாய் மாதிரி.

1983-ல் வந்த டாஸ் 2.0-விலும் பைப் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் ஓடும் என்பதால், முதலாவது தந்ததையெல்லாம் ஒரு தற்காலிக ஃபைலில் பிடித்துவைத்து, பிறகு அடுத்ததிடம் கொடுத்தது. மில்லில் இருக்கிற கேன் மாதிரி. மெதுவான வழிதான், ஆனால், வழி இருந்ததா இல்லையா? '>' என்று ஒரு குறி போட்டால், திரைக்கு வரவேண்டியது ஃபைலில் போய் விழும்.

பிறகு ஏன் மாட்டிக்கொண்டோம்? வேகத்துக்காகப் பல புரோகிராம்கள் டாஸைக் கேட்காமல் நேராகத் திரையின் மெமரியிலேயே எழுதின. அதை '>' பிடிக்காது. கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது. சரி, வேகம் வேண்டியதுதான். கூடவே, 'ஃபைலாக எடு' என்று ஒரு மெனு வைக்க என்ன கேடு? வைத்தவர்கள் இருந்தார்கள். வைக்காதவர்களுக்கு லாபம் உண்டு. கணக்கு வெளியே வராவிட்டால், கஸ்டமரும் வெளியே போக முடியாதே!

திரும்ப டைப் அடிக்கும்போது 5,400 என்பது 4,500 ஆகும். காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும்... வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால், எண் இடம் மாறியிருக்கிறதா என்று தேட வேண்டும். ராத்திரி வரை உட்கார்ந்து தேடுவது யார்? சாஃப்ட்வேர் விற்றவரா? மாதச் சம்பளத்துக்கு வந்த பெண். திட்டும் அவருக்குத்தான்.

டாஸ் ஒழிந்தது என்று சந்தோஷப்படாதீர்கள். இன்றைக்கும் பட்டியலை ஸ்கேன் பண்ணி, வெறும் படமாக பி.டி.எஃப்-ல் அனுப்புகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். அதையும் ஒருவர் உட்கார்ந்து டைப் அடிக்கத்தான் செய்கிறார்.

அதனால், அடுத்த முறை யாராவது சாஃப்ட்வேர் விற்க வந்தால், கலர் கலரான திரையைப் பார்த்து மயங்காதீர்கள். ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இதுல இருக்கிற என் கணக்கு மொத்தத்தையும் ஃபைலா எடுத்து, வேற புரோகிராம்ல போட முடியுமா? இப்பவே செஞ்சு காட்டுங்க." மென்று விழுங்கினாரென்றால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். செக் கொடுக்காதீர்கள்!