"மிஸ், வயிறு வலி"

தரம் 9இல் எனக்குப் பக்கத்தில் இருந்த தோழி மாதத்தில் இரண்டு மூன்று நாள் வரமாட்டாள். கேட்டால் "வயிறு வலி" என்பாள். மிஸ்ஸும் அதற்கு மேல் கேட்கமாட்டார். வீட்டில் பேட் வாங்கக் காசில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். கலகெதரயிலிருந்து பேராதனைக்கு வந்து கலைப்பீடத்தில் படிக்கிற எனக்கு இன்றைக்கும் ஒன்று உறுத்துகிறது. கணக்கில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. சாதாரண தரத்தில் அவள் தவறியதும் கணக்கில்தான். தவணைக்கு ஒன்பது நாள் பாடம் போனால் யாருக்குத்தான் பிடிபடும்?

நம் நாட்டில் 2018 வரை இறக்குமதி நாப்கின்களுக்கு 100 சதவீதத்துக்கும் மேல் வரி இருந்தது. 2019 ஜனாதிபதித் தேர்தலில் சஜித் பிரேமதாச இலவச பேட் தருவதாகச் சொன்னபோது, "பேட்மேன்" என்று கேலி செய்தார்கள். 2024இல் கல்வி அமைச்சு மாணவிகளுக்கு 1,200 ரூபா வவுச்சர் கொடுக்க ஆரம்பித்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 4 பேட், 5 நாள் என்றால் மாதத்துக்கு 20. பத்து உள்ள பக்கெட் 300 ரூபா என்று வைத்தாலும், அந்த வவுச்சர் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். வீட்டில் தங்கச்சியும் இருந்தால் ஒரே மாதம்தான்.

"நாங்க எல்லாம் சீலைத் துணிதானே பாவிச்சோம்" என்று உம்மம்மா சொல்வார். துணியில் பிழையில்லை. ஆனால் அதை நன்றாகக் கழுவி வெயிலில் காயப்போட வேண்டும். நாமோ யார் கண்ணிலும் படாமல் வேறு உடுப்புக்கு அடியில் ஒளித்துக் காயப்போடுகிறோம். கண்டி மழைக்கு அது எப்போது காய்வது? பாடசாலையில் மாற்ற வேண்டி வந்தால் எங்கே கழுவுவது?

அதனால் காசு பாதிப் பிரச்சினைதான். மீதிப் பாதி டொய்லட்டில் இருக்கிறது. கொண்டி இல்லாத கதவு, தண்ணீர் வராத பைப், மூடி போட்ட குப்பைவாளி இல்லாத மூலை. கையில் பேட் இருந்தாலும் மாற்ற இடமில்லாவிட்டால் அந்தப் பிள்ளை வீட்டில்தான் நிற்கும்.

நான் கேட்பது பெரிய திட்டமொன்றும் இல்லை. ஒரு பிஸ்கட் டின் நிறைய பேட். அது அதிபர் அறை அலுமாரியில் பூட்டிக் கிடக்கக் கூடாது. யாரிடமும் கேட்காமல் எடுக்கிற மாதிரி டொய்லட் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கேட்க வெட்கப்பட்டுத்தானே அவள் வீட்டில் நின்றாள்? பழைய மாணவிகளின் வட்ஸ்அப் குழுவில் ஆளுக்கு மாதம் ஒரு பக்கெட் என்றாலே டின் நிறையும். கொண்டியும் வாளியும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஒரு கூட்டத்தில் முடிகிற வேலை. விஞ்ஞானப் புத்தகத்தில் "வீட்டில் வாசியுங்கள்" என்று தாண்டிப் போகிற அந்தப் பாடத்தைப் பையன்களும் இருக்கிற வகுப்பிலேயே படிப்பித்தால், கடையில் பேட்டைப் பத்திரிகைத் தாளில் சுற்றித் தருகிற பழக்கமும் மெல்ல விடுபடும்.

தேர்தல் வாக்குறுதிக்கும் அடுத்த வவுச்சருக்கும் காத்திருக்கலாம். ஆனால் நாளைக்குக் காலையில் யாரோ ஒரு பிள்ளை பாயில் படுத்துக்கொண்டே "இன்டைக்கு ஸ்கூல் போகல்ல, வயிறு வலிக்குது" என்று சொல்லப் போகிறாள். அவளுக்கும் நாளைக்குக் கணக்குப் பாடம் இருக்கலாம்.