பேஜாரும் கலீஜும்

இலக்கண வகுப்புக்குத் தாமதமாக வந்த மாணவர் ஒருவரிடம் காரணம் வினவினேன். "பஸ்ஸுல ஒரே பேஜாருங்கய்யா" என்றார். வகுப்பறை சிரித்தது. தாழ்வாரத்தில் நின்றிருந்த பெரியவர் ஒருவருக்குச் சிரிப்பு வரவில்லை. "நம் கல்லூரியிலுமா இந்தச் சேரிப் பேச்சு?" என்று பின்னர் என்னிடம் வருந்தினார்.

அவர் வருத்தத்தை மதிக்கிறேன். ஆயினும், 'புலன்' என்னும் செய்யுள் வனப்புக்குச் சேரிமொழியையே கருவியாகக் கூறியவர் தொல்காப்பியர். ஒரு குழுவினர் தமக்குள் வழங்கும் சொல்லைக் 'குழூஉக்குறி' எனத் தகுதி வழக்கிலேயே சேர்த்தவர் நன்னூலார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது உரையாசிரியர் காட்டும் சான்று. இளைஞர் பேச்சுக்கும் அங்கே இடமுண்டு.

மேலும், பெரியவர் பழித்த சொல் நம் வீட்டுச் சொல். 'பேஸார்' என்னும் பாரசீகச் சொல்லுக்குச் சலிப்புற்ற நிலை என்பது பொருள்; உருது வழியாகத் தமிழில் 'பேஜார்' ஆயிற்று. 'கலீஜ்' இன்னும் வியப்புக்குரியது. அரபியில் 'ஃகலீழ்' என்றால் திண்மையானது, கனத்தது. திருக்குர்ஆன் 4ஆம் அத்தியாயம் 21ஆம் வசனம் மண உடன்படிக்கையின் உறுதியைச் சுட்ட இச்சொல்லையே ஆள்கிறது. ஹனஃபி சட்ட நூல்கள் கடும் அசுத்தத்தை 'நஜாஸத் ஃகலீழா' என்கின்றன. அத்தகைய வழக்கிலிருந்தே போலும், உருதுவில் அடைமொழி தனித்து நின்று அழுக்கைக் குறிக்கலாயிற்று.

ஆர்க்காட்டு நவாபு வாலாஜா முகம்மது அலி 1768இல் சேப்பாக்கத்தில் அரண்மனை அமைத்தார். அக்காலச் சென்னையில் உருதும் தமிழும் ஒரே தெருவில் பழகின. அதே மொழிகளிலிருந்து வந்த 'வசூல்', 'பாக்கி', 'தாசில்தார்' ஆகியவை கச்சேரிக்குள் புகுந்து நாற்காலி பெற்றன. 'பேஜார்', 'கலீஜ்' ரிக்சா நிறுத்தத்திலும் மீன் அங்காடியிலும் தங்கின. பேசியவன் ஏழையானதால் சொல்லும் ஏழையாயிற்று. இந்த ஓரவஞ்சனையை நாம் வழிமொழியலாமா?

இதனால், தேர்வுத்தாளில் 'கலீஜ்' என்றெழுதினால் மதிப்பெண் கிட்டும் என்று மாணவர்கள் மகிழ வேண்டா. எழுத்து வழக்கு வேறு. பேச்சிலும் ஒரு சொல்லை நான் அனுமதிப்பதில்லை, அது 'பேமானி'. 'பே' என்றால் இல்லாத, மிஞ்சியிருப்பது 'ஈமான்'. உருதுவில் நாணயமின்மையைக் குறிக்கும் இச்சொல், விடுதியில் ஒரு வாளித் தண்ணீருக்காக நண்பன் மீது வீசப்படுகிறது. வீசுபவர், ஈமானின் எடையை அறிந்த வீட்டுப் பிள்ளை! உட்பொருளை ஒருநாள் கரும்பலகையில் பிரித்தெழுதினேன். அன்று வகுப்பு சிரிக்கவில்லை.

இவற்றையெல்லாம் அப்பெரியவரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "எங்கள் பக்கம் மதரசா ஆண்டு விழாவை 'ஜல்சா' என்போம். தொழுகையில் இரு சஜ்தாக்களுக்கு இடையே அமர்வதும் ஜல்சாதான். சென்ற ஆண்டு விழா அழைப்பிதழைப் பார்த்துப் பேரன் விழுந்து விழுந்து சிரித்தான்; ஏனென்று இப்போதுதான் விளங்குகிறது" என்றார்.