உதைத்தால் மசியாத வண்டி

காலை மணி எட்டு. திருப்பூரில் அது வண்டிகள் உயிர் பெறும் நேரம். எட்டரைக்குள் பனியன் கம்பெனி கேட்டைத் தாண்டியாக வேண்டுமே! அன்று எதிர்வீட்டு வாசலில் மட்டும் உதைச் சத்தம் கேட்டதே தவிர, என்ஜின் சத்தம் கேட்கவில்லை. செக்கிங் வேலைக்குப் போகிற பெண். முகமெல்லாம் வியர்வை. கண்ணில் நீர் முட்டி நின்றது.

“ஏனுங்க்கா, இருவது தடவ உதைச்சுட்டனுங்க. கேட்டைச் சாத்திட்டா அரை ஷிப்ட்டு போயிருமுங்க!”

“சோக் இழுத்துட்டா உதைச்சே, கண்ணு?”

“ஆமாங்க. இன்னும் இழுத்தபடிதான் இருக்குதுங்க.”

பாதி வியாதி பிடிபட்டு விட்டது! வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தினோம். சோக்கைத் தள்ளி, பெட்ரோல் குழாயை மூடி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்து உதைக்கச் சொன்னேன். எட்டாவது உதையில் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. உடனே ஆக்ஸிலேட்டரைத் தளர்த்திக் குழாயைத் திறந்துவிட்டோம்.

இந்த வித்தையை நான் பிறக்கும்போதே கற்று வரவில்லை, சகோதரிகளே! சில வருஷங்களுக்கு முன் என் பழைய மொபெட் மக்கர் பண்ணியபோது, “என்ஜினை இறக்கியாகணும், நாலாயிரம் ஆகும்” என்று ஒருவர் சொல்லிவிட்டார். மோதிரத்தை அடகு வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். வேறொரு பெரியவர் பிளக்கைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார். புது பிளக் மாட்டினார். ஒரே உதை!

பம்பு ஸ்டவ் எரியாவிட்டால் நம் அம்மாக்கள் அதைப் பழைய இரும்புக்கா போட்டார்கள்? எண்ணெய் இருக்கிறதா, துவாரம் அடைத்திருக்கிறதா என்று பார்த்து, பின்னால் குத்தி எடுத்துப் பற்ற வைப்பார்கள். வண்டியும் அப்படித்தான். அதற்கு வேண்டியது மூன்றே மூன்று: பெட்ரோல், காற்று, தீப்பொறி.

ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது 1980-ல். அதன் வழியில் வந்த எக்ஸ்.எல். மொபெட்டுகள் பனியன் மூட்டையும் ஆளுமாக நம் ஊர்த் தெருக்களில் ஓடாத நாளில்லை. 2015-ல் எக்ஸ்.எல். 100 நான்கு ஸ்ட்ரோக் என்ஜினுடன் வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் அமலானபின் பழைய இரண்டு ஸ்ட்ரோக் மொபெட் புதிதாக வருவதில்லை. ஆனாலும் பல வீடுகளில் அது இன்னும் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

பெட்ரோல்: டாங்கில் இருக்கிறதா, குழாய் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டாங்க் மூடியில் காற்றுப் போக ஒரு சின்ன வழி உண்டு. அது அடைத்தாலும் பெட்ரோல் இறங்காது. இப்போது பங்க்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைத்திருந்தால் பழைய பெட்ரோலை மெக்கானிக்கிடம் கொடுத்து வடிக்கச் சொல்லுங்கள். இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கு, “ஆயில் கொஞ்சம் கூட ஊத்தினா என்ஜினுக்கு நல்லது” என்பார்கள். நம்பாதீர்கள்! 50-க்கு 1 என்று வண்டிப் புத்தகத்தில் இருந்தால், லிட்டருக்கு 20 மில்லிதான். கூடினால் பிளக் கரியாகும், சைலன்சர் அடைக்கும்.

காற்று: திருப்பூர் வண்டிகளுக்கென்றே ஒரு வியாதி இது. பனியன் கம்பெனிக் காற்றில் பறக்கிற பஞ்சுத் தூசியெல்லாம் ஏர் ஃபில்டரில்தான் போய் அடையும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொன்னால் யார் ஓடுவார்கள்? ஸ்பாஞ்ச் ஃபில்டராக இருந்தால் சோப்புத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து நிழலில் உலர்த்துங்கள். பிறகு புத்தகத்தில் சொன்ன ஆயில் சில சொட்டு விட்டு மாட்டலாம். காகித ஃபில்டரைக் கழுவவே கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

தீப்பொறி: என்ஜின் நன்றாக ஆறியபின் பிளக் ஸ்பானரால் பிளக்கைக் கழற்றுங்கள். நுனி டிக்காஷன் கலந்த பால் நிறத்தில் இருந்தால் சுகம். கன்னங்கரேலென்று இருந்தால் ஆயில் அதிகம், அல்லது காற்று போதவில்லை. பெட்ரோலில் நனைந்திருந்தால் சோக் அதிகம், அல்லது பொறி வரவில்லை. எவ்வளவு உதைத்தும் காய்ந்தே இருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. பொறி வருகிறதா என்று கையில் பிடித்துச் சோதிக்காதீர்கள். பாய்வது ஆயிரக்கணக்கான வோல்ட்! புது பிளக் ஒன்றை மாட்டிப் பார்ப்பதே சுலபமான சோதனை.

செல்ஃப் ஸ்டார்ட் வண்டிக்காரர்கள் பிரேக்கைப் பிடித்தபடிதான் பட்டனை அழுத்த வேண்டும். சில புது வண்டிகள் சைடு ஸ்டாண்டு இறங்கியிருந்தால் கிளம்பாது. விடாமல் பட்டனை அழுத்தினால் பாட்டரிதான் படுத்துக்கொள்ளும். ஐந்து விநாடி அழுத்தி, சற்று விட்டு மறுபடி முயலுங்கள். டிக்டிக்கென்று மட்டும் சத்தம் வந்தால் பாட்டரியைக் கவனியுங்கள்.

இதெல்லாம் பார்த்தும் கிளம்பாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அப்போதும், “பிளக் நனைஞ்சிருக்குங்க, ஃபில்டர் சுத்தம் பண்ணியாச்சுங்க” என்று சொல்லிப் பாருங்கள். பேச்சே மாறிவிடும்!

நம் உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டுமல்லவா? உதைக்குமுன் நடு ஸ்டாண்டு போட்டு, புடவைக் கரையைச் செருகிக்கொள்ளுங்கள். முழங்காலை வெட்டி உதறாமல், உடம்புப் பாரத்தை வைத்து அழுத்துங்கள். முழங்கால் வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் உதைக்கவே வேண்டாம். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளையே கொல்லும். பெட்ரோலை அடுப்பருகே கொண்டு போகவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுப் பெண் தானே ஃபில்டரைக் கழற்றிக் கொண்டு வந்தாள். “அக்கா, இதுல இருக்கற பஞ்சுல ஒரு பனியனே தெச்சுரலாமுங்க!” என்று சிரித்தாள். இப்போது அவள் சாப்பாட்டுப் பையில் ஒரு பிளக்கும் ஸ்பானரும் எப்போதும் இருக்கின்றன. போன வாரம் கம்பெனி வாசலில் இன்னொரு பெண்ணின் வண்டி நின்றுபோனதாம். சுற்றி நின்ற ஆண்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்களாம். இவள் போய்க் கேட்டது ஒரே கேள்விதானாம்:

“சோக் இழுத்துட்டா உதைச்சே, கண்ணு?”