மழை வந்தால் மேடை காத்திருக்கட்டும்

ஈப்போவில் மாலை மழை புதிய செய்தியன்று. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், மேற்கே கிளேடாங் மலைத்தொடர்; இடையே கிந்தா பள்ளத்தாக்கு. பகல் வெயிலில் சூடேறிய காற்று மேலெழுந்து மேகமாகத் திரண்டு, மாலையில் இடியுடன் கொட்டுகிறது. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரிலும் இது மிகுதி. தீபாவளிக் கலைநிகழ்ச்சிகள் நடைபெறுவதும் அக்டோபரை ஒட்டித்தான். ரசிகர்கள் அரங்கினுள் நுழையும் நேரமும் இடி முழங்கும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன.

ஆகவே, திறந்தவெளி அரங்கில் இசை நிகழ்ச்சி தாமதமாவதைக் குறையாகப் பேசுவது சரியன்று. காரணம் சொல்லாமல் மக்களைத் திடலில் நிற்க வைப்பதுதான் குறை.

மின்னலுக்கான விதி எளியது. ஒலி 3 வினாடிகளில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் செல்லும். மின்னல் தெரிந்து 30 வினாடிகளுக்குள் இடி கேட்டால், அது 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள். அப்போதே திடலை விட்டு விலகிக் கட்டடத்திற்குள்ளோ வாகனத்திற்குள்ளோ செல்ல வேண்டும். கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். இந்த அரை மணி நேரம்தான் பலருக்குப் பொறுப்பதில்லை. தூறல் நின்றதும் பாட்டைத் தொடங்கச் சொல்லிக் கைதட்டுகிறார்கள்.

பேராக் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு பழகியதே. விடியற்காலையில் மழை பெய்தால் பால்வெட்டு நிற்கும். பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்துவிடும். மங்கில் மழைநீர் கலந்துவிடும். மரம் காயும்வரை காத்திருந்தார்கள். ஆனால், அதனால் வருமானம் குறைந்தது தொழிலாளிக்கே. இன்றும் அப்படித்தான். நிகழ்ச்சி நின்றால், சுங்கை சிப்புட்டிலிருந்து வேன் பிடித்து வந்த குடும்பத்திற்கே நட்டம். அதனால்தான் மக்கள் நனைந்தபடியே கலையாமல் நிற்கின்றனர். மழையால் நின்றால் பணம் திரும்பக் கிடைக்கும் என்று நுழைவுச்சீட்டிலேயே அச்சிட்டிருந்தால், பாதிப் பேராவது முணுமுணுக்காமல் வெளியேறுவர்.

ஒத்திவைத்தால் மட்டும் போதுமா? சென்னையில் 2023 ஆகஸ்டு 12ஆம் நாள் நடைபெறவிருந்த ஏ. ஆர். ரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’ இசை நிகழ்ச்சி, மழையால் செப்டம்பர் 10க்கு ஒத்திவைக்கப்பட்டது. அம்முடிவு சரியானதே. ஆனால், ஒத்திவைத்த நாளில் கிழக்குக் கடற்கரைச் சாலை நெரிசலில் திணறியது. நுழைவுச்சீட்டு வைத்திருந்த பலர் உள்ளே செல்ல முடியாமல் திரும்பினர். பெண்களும் சிறுவர்களும் கூட்டத்தில் சிக்கித் தவித்தனர். வானம் அன்று தடையாக இல்லை. கூட்டத்தை எண்ணி அனுப்பும் ஏற்பாடுதான் இல்லை.

காற்றும் அஞ்சத்தக்கதே. 2011 ஆகஸ்டு 13ஆம் நாள் அமெரிக்காவின் இந்தியானா மாநிலக் கண்காட்சியில், முதன்மை இசைக்குழு மேடையேறும் முன்பே புயற்காற்று மேடைக் கூரையைச் சாய்த்தது. எழுவர் உயிரிழந்தனர். புயல் நெருங்குவது முன்பே தெரிந்திருந்தும் கூட்டம் மேடையருகிலேயே இருந்தது.

ஈப்போ ஏற்பாட்டாளர்களுக்கு இதிலிருந்து வேலை இருக்கிறது. மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையைக் கவனிக்க ஒருவரை அமர்த்த வேண்டும். நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரமும் அவருக்கே வேண்டும். நுழைவுச்சீட்டு விற்றவரிடம் அதை விட்டால் அவர் வசூலைத்தான் முதலில் பார்ப்பார். வாயில்கள் அனைத்தும் திறந்திருக்க வேண்டும். அறிவிப்பு மலாயிலும் தமிழிலும் வர வேண்டும். பார்வையாளர்களும் சிறிது முயலலாம். பெருங்கூட்டத்தில் கைப்பேசித் தொடர்பு அறுந்துபோவதுண்டு. பிரிந்துவிட்டால் எந்த வாயிலில் ஒன்றுசேர்வது என்று, வாகனத்தை விட்டு இறங்கும்போதே வீட்டார் பேசி வைத்துக்கொள்ளலாம்.