டைனோசர் எங்கே, அப்பா?

ஏழு வயதுப் பையனிடம் ‘டைனோசர் பார்க்கப் போகிறோம்’ என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். 1993-ல் ஸ்பீல்பெர்க் எடுத்த படத்தையும் அதன் வாரிசுகளையும் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. டைனோசர் என்றால் உறும வேண்டும், துரத்த வேண்டும், முடிந்தால் ஒரு வக்கீலையாவது விழுங்க வேண்டும். நாங்கள் காட்டப்போனதோ கல். அதுவும் விமானம் ஏறி, காரில் நாள்கணக்கில் அலைந்து பார்க்க வேண்டிய கல்.

இடம், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்து உள்நாடு. ‘அவுட்பேக்’ என்று அவர்கள் சொல்லும் பொட்டல்வெளி. விண்டன், ஹியூண்டன், ரிச்மண்ட் என்ற மூன்று சிற்றூர்களை இணைத்து ‘டைனோசர் பாதை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிரிஸ்பேனிலிருந்து விண்டனுக்குச் சாலை வழியே சுமார் 1,350 கிலோ மீட்டர்; ஏறக்குறைய சென்னைக்கும் மும்பைக்கும் உள்ள தூரம். பிரிஸ்பேனில் வேலை பார்க்கும் என் மைத்துனன் முதலிலேயே எச்சரித்தான். “அத்தான், அங்கே ஆடு, மாடு, ஈ. இந்த மூணைத் தவிர ஒண்ணும் கிடையாது. பேசாம கடற்கரைக்குப் போங்க.” கேட்கவில்லை.

லாங்ரீச் வரை விமானம். அங்கிருந்து வாடகைக் காரில் 180 கிலோ மீட்டர் விண்டன். சாலை நேராகப் போகிறது. வளைவு வந்தால் கைதட்டலாம் போலிருக்கிறது. எதிரே ‘ரோடு டிரெயின்’ வரும்போது மட்டும் கார் ஒரு முறை குலுங்குகிறது. ஒரே லாரி பின்னால் மூன்று, நான்கு டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு வரும். நீளம் ஐம்பது மீட்டரைத் தாண்டும். நான்கு வயது மகள் அவற்றை எண்ணிக்கொண்டு வந்தாள். மகன் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்டான். அவனைச் சமாளிக்க நான் ஒரு கதையை எடுத்துவிட்டேன். அந்தக் கதைதான் பிறகு என்னை மாட்டிவைத்தது.

கதை இதுதான். 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏரிக்கரை. கோழி அளவில் சில, ஈமு அளவில் சில என நூற்றைம்பது குட்டி டைனோசர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கின்றன. மாமிசம் தின்னும் பெரிய டைனோசர் ஒன்று மெல்ல மெல்ல வருகிறது. ஒரே பாய்ச்சல்! நூற்றைம்பதும் தலைதெறிக்க ஓடுகின்றன. அந்த ஓட்டத்தின் தடங்கள் சேற்றில் பதிந்து, மேலே மணல் மூடி, கல்லாக இறுகிவிட்டன. நாளை மறுநாள் அதைத்தான் பார்க்கப்போகிறோம். ஓட்டுவதற்கு இடையே கூடியமட்டும் உறுமியும் காட்டினேன். பையன் கேள்வியை நிறுத்தினான்.

விண்டன் சின்ன ஊர். ஆனால் பெருமைகளுக்குக் குறைவில்லை. குவாண்டாஸ் விமான நிறுவனம் 1920-ல் பிறந்தது இங்கேதான். ‘வால்ட்ஸிங் மட்டில்டா’ பாட்டை பாஞ்சோ பாட்டர்சன் 1895-ல் எழுதியது இந்த வட்டாரத்துப் பண்ணை ஒன்றில். மூன்றாவது பெருமை பூமிக்கு அடியில் இருந்தது. அது வெளியே வர 1999 ஆகவேண்டியிருந்தது. அந்த ஆண்டு டேவிட் எலியட் என்ற ஆட்டுப் பண்ணைக்காரர் மந்தையை ஓட்டிக்கொண்டு போகும்போது தரையில் ஒரு பெரிய எலும்புத் துண்டைக் கண்டார். டைனோசரின் தொடை எலும்பு. அவரும் அவர் மனைவியும் முன்னின்று 2002-ல் தொடங்கிய அமைப்புதான் இன்று ஊருக்கு வெளியே, தட்டையான ஒரு குன்றின் உச்சியில் ‘ஆஸ்திரேலியன் ஏஜ் ஆஃப் டைனோசர்ஸ்’ அருங்காட்சியகமாக நிற்கிறது.

எலும்பு எப்படி மேலே வந்தது? இது கோவில்பட்டிக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். விண்டனைச் சுற்றி இருப்பது கரிசல் மண். மழையில் உப்பும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். இப்படி உப்பியும் சுருங்கியும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அடியில் கிடக்கும் கல்லையும் எலும்பையும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிவிடுகிறது. மேலே கிடக்கும் துண்டுகளைப் பல காலமாக எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கரிசலைத் தாண்டி அடியில் தோண்டினால் மிச்ச எலும்புகள் இருக்கும் என்று கண்டுகொண்டதில்தான் எலியட்டின் சாமர்த்தியம்.

குழந்தைகளோடு போகிறவர்கள் அங்கே தவறவிடக்கூடாதது, எலும்பைச் சுத்தம் செய்யும் பட்டறை. வயலிலிருந்து வந்த எலும்புகள் வெள்ளைப் பிளாஸ்டர் கட்டோடு அலமாரி அலமாரியாக முறை வருவதற்குக் காத்திருக்கின்றன. “எல்லாருக்கும் கால் உடைஞ்சுபோச்சா?” என்று மகள் கேட்டாள். ஒரு பாட்டி, பல் டாக்டர் கருவி போன்ற ஒன்றை வைத்துக்கொண்டு கல்லைத் துளித்துளியாகக் கொறித்துக்கொண்டிருந்தார். ஊர் ஊராக வந்து இலவசமாக உழைக்கும் தொண்டர்களில் ஒருவர். காலையிலிருந்து எவ்வளவு ஆயிற்று என்று கேட்டதற்குக் கட்டைவிரல் நகத்தைக் காட்டினார்.

இங்கே டைனோசர்களுக்கெல்லாம் செல்லப்பெயர் உண்டு. ‘மட்டில்டா’ நீண்ட கழுத்துச் சைவம்; ‘பாஞ்சோ’ கூரிய நகங்களோடு கூடிய அசைவம். இரண்டின் எலும்புகளும் ஒரே குழியில் கிடைத்தன. 2009-ல் இவற்றுக்கு முறைப்படி விஞ்ஞானப் பெயர் சூட்டினார்கள். மட்டில்டாவின் இனத்தைச் சேர்ந்த ‘ஜூடி’ 2017-ல் கிடைத்தது. அதன் வயிற்றில் கடைசிச் சாப்பாடே கல்லாகி இருந்தது. 2025-ல் வெளியான ஆராய்ச்சியின்படி இலையும் காயும் அப்படியே இருந்தன. அது உணவை மெல்லவே இல்லை, கடித்து விழுங்கியிருக்கிறது. “பாத்தியா, அது மென்னே சாப்பிடலை” என்றான் மகன், அம்மாவைப் பார்த்து. ஒவ்வொரு வேளையும் ‘மென்னு தின்னுடா’ என்று போராடும் என் மனைவி என்னை முறைத்தாள்.

மறுநாள் என் கதையின் முறை. லார்க் குவாரி, விண்டனிலிருந்து தென்மேற்கே 110 கிலோ மீட்டர். தார்ச்சாலை தீர்ந்து சரளையில் கார் தடதடக்கிறது. வழியில் கடை கிடையாது. பெட்ரோல், தண்ணீர், சாப்பாடு எல்லாம் ஊரிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். சிவந்த குன்றுகளுக்கு இடையே மண் நிறத்தில் ஒரு கட்டடம். 1976, 77-ம் ஆண்டுகளில் 60 டன்னுக்கும் மேற்பட்ட பாறையை அகற்றி வெளிக்கொணர்ந்த தளத்தை வெயிலும் மழையும் தொடாமலிருக்க அதற்குள் அடைத்துவைத்திருக்கிறார்கள். வழிகாட்டியோடுதான் உள்ளே போகலாம். சுற்றிலும் நடைபாதை, கீழே சாய்வான ஒரு கல்தளம், அதில் சுமார் 3,300 கால்தடங்கள்.

எனக்குப் புல்லரித்தது. பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் பார்த்தான்.

“டைனோசர் எங்கேப்பா?”

“இதுதான்டா. அதோட காலடி.”

“அது எங்கே?”

அவ்வளவுதான். உதடு பிதுங்கியது. 110 கிலோ மீட்டர் குலுங்கி வந்த குழந்தையை ஏமாற்றிவிட்டேன் என்பது எனக்கே தெரிந்தது. அழுகை தொடங்குவதற்குள் வழிகாட்டிப் பெண் விளக்கினால் காட்டிய இடத்தில் மூன்று விரல்களோடு பெரிய தடம் ஒன்று. அதன் மேலேயே கோழிக் கால் போலச் சின்னத் தடங்கள். பையன் கொஞ்சம் சமாதானமானான். “இதுதான் துரத்தினதா?” என்று கேட்டான்.

அந்தப் பெண் நேர்மையானவர். “அப்படித்தான் பல காலம் நினைத்தோம். இப்போது எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை” என்றார். நான் அதை மொழிபெயர்க்காமல் விட்டிருக்கலாம். ஆனால் தில்லிப் பள்ளியில் படிக்கிற பையனுக்கு ஆங்கிலம் புரியுமே.

விஷயம் இதுதான். துல்போர்ன், மேரி வேட் என்ற ஆய்வாளர்கள் 1984-ல் எழுதியது நான் காரில் சொன்ன கதை. 2011-ல் ரொமிலியோ, சாலிஸ்பரி என்ற வேறு இருவர் பெரிய தடங்களை மறுபடி அளந்துவிட்டு, அது மாமிசம் தின்னியே அல்ல, முட்டாபராசாரஸ் போன்ற தழைதின்னி என்றார்கள். 2013-ல் இன்னும் ஒரு படி போய், சின்னத் தடங்களில் பல ஓடியவை அல்ல, தண்ணீரில் நீந்தும்போது காலால் கீறியவை; ஒரே நாளில் பதிந்தவையாகவும் இருக்க வேண்டியதில்லை என்றார்கள். துல்போர்ன் ஒப்புக்கொள்ளவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது. ‘டைனோசர் ஓட்டம்’ என்ற பெயர் மட்டும் தேசியச் சின்னத்தின் பலகையில் அப்படியே இருக்கிறது.

“அப்ப நீ சொன்னது பொய்யா?” என்றான்.

உறுமிக் காட்டிய அப்பா என்ன பதில் சொல்வது? ‘பொய் இல்லை, அதுவும் ஒரு கருதுகோள்’ என்று ஏழு வயதிடம் சொல்ல முடியாது. சட்டென்று எங்கள் வீட்டு வாசல் ஞாபகத்துக்கு வந்தது. போன வருஷம் புதிதாக சிமெண்ட் பூசினோம். காயுமுன் தெருநாய் ஒன்று குறுக்கே நடந்துவிட்டது. பக்கத்திலேயே புறாக் கால்.

“நம்ம வாசல்ல நாய்க் கால் இருக்கே, அது பொய்யா?”

“இல்லை.”

“நாய் புறாவைத் துரத்துச்சா?”

கொஞ்ச நேரம் யோசித்தான். “புறா காலையிலயே வந்துட்டுப் போயிருக்கலாம்.” பிறகு, “நாய் அப்புறம் வந்திருக்கும்.” பிறகு, தானாகவே, “நாய்க் கால் புறாக் கால் மேல இருந்தாத்தான் நாய் அப்புறம் வந்துச்சுன்னு அர்த்தம்” என்றான். கம்பியில் தொங்கிக்கொண்டு எந்தத் தடம் எதன் மேல் என்று பார்க்க ஆரம்பித்தான். நேரம் முடிந்து கதவை மூடும் வரை அவனை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை. மகள் வெளியே மண்ணில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் தடங்களைப் பதித்துக்கொண்டிருந்தாள்.

குழந்தைகளுக்கு முடிந்த முடிவாக ஒரு கதை வேண்டும் என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். தடயத்தைக் கொடுத்தால் கதையை அவர்களே கட்டுவார்கள், தேவைப்பட்டால் பிரிப்பார்கள். நம் பாடப்புத்தகங்களில் விஞ்ஞானம் எப்போதும் விடை தெரிந்த கேள்வியாகத்தான் வருகிறது. பெரியவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் ஒரு கேள்வி அவன் கைக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

பிறகு ஹியூண்டன் வழியாக ரிச்மண்ட் போனோம். இங்கே டைனோசரைவிட கடல் பிராணிகள்தான் விசேஷம். சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பொட்டல் முழுவதும் உள்நாட்டுக் கடல். ஊருக்கு வெளியே பொதுமக்களே தோண்டிப் பார்க்க இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தொப்பி, சுத்தியல், முகத்தில் மொய்க்கும் ஈக்கள் சகிதம் இரண்டு மணி நேரம் தேடி, பையன் கட்டைவிரல் அளவில் ஒரு துண்டைக் கண்டெடுத்தான். அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டு, மீனின் முள்ளெலும்பு என்றார்கள். அவன் நடையே மாறிப்போயிற்று.

அந்தத் தொல்லெச்சத்தை ஊருக்குக் கொண்டுவர முடியாது. இப்படிப்பட்டவற்றை நாட்டைவிட்டு எடுத்துப்போவதை 1986-ம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. முறையாக அனுமதி வாங்க வேண்டும். பைக்குள் போட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு கணம் தோன்றியது; உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பையன்தான், “இங்கேயே இருக்கட்டும். நாளைக்கு யாராவது வந்து வேற மாதிரி சொல்லுவாங்க” என்று மேசைமேல் வைத்துவிட்டான்.

போக நினைப்பவர்களுக்கு: ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்குள் போங்கள். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். முகத்துக்கு ஈ வலை வாங்கிக்கொள்ளுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். காரில் கதை சொல்லலாம். ஆனால் ‘என்று சிலர் சொல்கிறார்கள்’ என்று முடியுங்கள்.

போக முடியாதவர்கள் ஏங்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஒரே கண்டம்தான். குஜராத்தின் ராயோலியில் டைனோசர் முட்டைகளே கிடைத்திருக்கின்றன. 2019-ல் அங்கே அருங்காட்சியகமும் வந்துவிட்டது. அரியலூரில் சுண்ணாம்புக்கல் வெட்டும் பள்ளங்களில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய கடல் சிப்பிகள் கொட்டிக்கிடக்கின்றன. அந்தக் கல்தான் அரைபட்டு சிமெண்ட் ஆகிறது.

ஊர் திரும்பியதும் இதைச் சொன்னேன். பையன் வாசலில் குந்தி, நாய்க் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “அப்ப இதுக்குள்ளேயும் சிப்பி இருக்குமாப்பா?”

இருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள் என்றேன்.