திண்டுக்கல் மறந்துபோன இரண்டு எம்.பி.க்கள்



திண்டுக்கல் மக்களவைத் தொகுதியின் வரலாற்றை யார் சொல்ல ஆரம்பித்தாலும் 1973-ல்தான் ஆரம்பிப்பார்கள். எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. திமுக எம்.பி. ராஜாங்கம் மறைந்ததால் இடைத்தேர்தல் வந்தது. மாயத்தேவர் இரட்டை இலையில் நின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆளும் திமுக மூன்றாவது இடத்துக்குப் போனது. தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப் போட்ட தேர்தல்தான், மறுப்பதற்கில்லை. டீக்கடையில் இன்றைக்கும் பெரியவர்கள் அதை நேற்று நடந்த மாதிரி சொல்வார்கள்.

ஆனால் இந்தத் தொகுதிக்கு அதற்கு முன்னாடி 21 வருட வரலாறு இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை. அந்த 21 வருடத்தில் ஒரு விஷயம் நடந்திருக்கிறது, அதற்குப் பிறகு இன்று வரை நடக்கவே இல்லை.

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில், 1952-ல், திண்டுக்கல் தன் முதல் எம்.பி.யாகத் தேர்ந்தெடுத்தது ஒரு பெண்ணை. பெயர் அம்மு சுவாமிநாதன்.

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். வடமாநிலங்களில் வாக்காளர் பட்டியல் எடுக்கப் போன இடத்தில் பல பெண்கள் தங்கள் சொந்தப் பேரைச் சொல்லவே மறுத்தார்கள். "இன்னாரோட சம்சாரம்", "இன்னாரோட மக" என்று மட்டும்தான் சொன்னார்கள். அப்படிப் பேர் இல்லாததால் பட்டியலிலிருந்து விடுபட்ட பெண்கள் சுமார் 28 லட்சம் பேர். அதே தேர்தலில்தான் திண்டுக்கல் மக்கள் ஒரு பெண்ணை டெல்லிக்கு அனுப்பினார்கள்.

அம்மு சுவாமிநாதன் அரசியல் நிர்ணய சபையில் இருந்த 15 பெண்களில் ஒருவர். இந்து திருமணச் சட்டமும், பெண்ணுக்குச் சொத்தில் உரிமை தந்த இந்து வாரிசுரிமைச் சட்டமும் நிறைவேறியது அந்த முதல் மக்களவையில்தான். அப்போது திண்டுக்கல்லுக்காக அங்கே உட்கார்ந்திருந்தது ஒரு பெண்.

அவர் காங்கிரஸ்காரர். நம் கட்சிக்காரர் இல்லை. அவருடைய மகள்தான் நேதாஜியின் படையில் ஜான்சி ராணி படைப்பிரிவை நடத்திய கேப்டன் லட்சுமி. பின்னாளில் நம் கட்சிக்கு வந்து, 2002-ல் இடதுசாரிகளின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நின்றவர். பேத்தி தோழர் சுபாஷினி அலி 1989-ல் கான்பூரில் ஜெயித்தவர். அந்தக் குடும்பத்தின் முதல் எம்.பி.யை உருவாக்கியது திண்டுக்கல். இது திண்டுக்கல்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1957-ல் குலாம் முகைதீன் வந்தார். 1962-ல் மறுபடி ஒரு பெண். டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன்.

இவர் பேரைச் சொன்னால் ஊரில் பலருக்குத் தெரியும், ஆனால் எம்.பி.யாகத் தெரியாது, காந்திகிராமத்து அம்மாவாகத்தான் தெரியும். டி.வி.எஸ். நிறுவனர் டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். அந்தக் காலத்து வழக்கப்படி மூலையில் முடங்கியிருக்க வேண்டியவர், டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்தார். மறுமணம் செய்துகொண்டார். 1947-ல் கணவர் ராமச்சந்திரனோடு சேர்ந்து சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார். அங்கே இருக்கிற கஸ்தூர்பா மருத்துவமனையில் பிறந்த பிள்ளைகள் இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

1952-ல் ஆத்தூரிலும், 1957-ல் வேடசந்தூரிலும் ஜெயித்துச் சட்டமன்றம் போனார். 1962-ல் திண்டுக்கல் எம்.பி. ஆகி ஒன்றிய கல்வித்துறை துணை அமைச்சராகவும் இருந்தார்.

ஆக, முதல் மூன்று பொதுத்தேர்தலில் இரண்டு முறை திண்டுக்கல் பெண்ணைத்தான் அனுப்பியது.

அதற்குப் பிறகு?

1967-ல் திமுகவின் அன்புச்செழியன். 1971-ல் ராஜாங்கம். 1973-லும் 1977-லும் அதிமுகவின் மாயத்தேவர், 1980-ல் அதே மாயத்தேவர் திமுகவில். 1984-ல் கே.ஆர். நடராஜன். 1989 முதல் பலமுறை திண்டுக்கல் சீனிவாசன். 1973-ல் மாயத்தேவரிடம் தோற்ற என்.எஸ்.வி. சித்தன், 23 வருடம் காத்திருந்து 1996-ல் ஜெயித்தார், 2004, 2009-லும் ஜெயித்தார். 2014-ல் உதயகுமார். 2019-ல் திமுகவின் வேலுச்சாமி, 5 லட்சத்து 38 ஆயிரம் வாக்கு வித்தியாசம். 2024-ல் நம் தோழர் சச்சிதானந்தம், 4 லட்சத்து 43 ஆயிரம் வாக்கு வித்தியாசம். முதல் முறையாகத் திண்டுக்கல்லிலிருந்து செங்கொடி மக்களவைக்குப் போனது. நமக்கெல்லாம் பெருமைதான்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1967-லிருந்து இடைத்தேர்தலையும் சேர்த்து 16 தேர்தல். 16 முறையும் ஆண்.

"பொம்பளைய நிறுத்துனா ஜெயிக்காதுங்க" என்று வேட்பாளர் தேர்வு நேரத்தில் சொல்வார்கள். எல்லாக் கட்சியிலும் சொல்வார்கள். நம் கட்சியில் அதையே கொஞ்சம் மரியாதையாக, "கள நிலவரம் அப்படி இருக்கு தோழர்" என்று சொல்வார்கள். இந்தப் பேச்சு உண்மையா என்று திண்டுக்கல்லை வைத்தே பார்த்துவிடலாம்.

"அம்மு சுவாமிநாதனும் சௌந்தரம் அம்மாவும் பெரிய இடத்துப் பெண்கள், அதனால ஜெயிச்சாங்க" என்று ஒரு வாதம் வரலாம். அதில் உண்மை இருக்கிறது. வசதியும் படிப்பும் தொடர்புகளும் இருந்த பெண்கள்தான் அவர்கள். சரி, அப்படி எதுவும் இல்லாத பெண்களைப் பார்ப்போம்.

நிலக்கோட்டை ஏ.எஸ். பொன்னம்மாள். ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண். ஏழு முறை சட்டமன்றம் போனவர், தற்காலிக சபாநாயகராக இருந்தவர். அதே நிலக்கோட்டையில் 2006-லும், 2019 இடைத்தேர்தலிலும், 2021-லும் ஜெயித்தது அதிமுகவின் தேன்மொழி.

அடுத்து, நம் தோழர் பாலபாரதி. திண்டுக்கல் சட்டமன்றத் தொகுதியில் 2001, 2006, 2011 என்று தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தார். முதல் முறை நாம் அதிமுக கூட்டணி. இரண்டாவது முறை திமுக கூட்டணி. மூன்றாவது முறை மறுபடி அதிமுக கூட்டணி. கூட்டணி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறியது, திண்டுக்கல் மக்கள் பாலபாரதியை மாற்றவில்லை. அவருக்குப் பின்னால் பணமும் கிடையாது, பெரிய குடும்பமும் கிடையாது. வீதியில் நின்றார், ஜெயித்தார்.

2022-ல் திண்டுக்கல் மாநகராட்சிக்கு மேயராக வந்ததும் பெண்தான்.

இவ்வளவும் ஒரே ஊரில், ஒரே வாக்காளர்கள். திண்டுக்கல், நிலக்கோட்டை, ஆத்தூர், நத்தம், ஒட்டன்சத்திரம், பழனி என்ற ஆறு சட்டமன்றத் தொகுதி சேர்ந்ததுதான் இன்றைய திண்டுக்கல் மக்களவைத் தொகுதி. தொகுதியில் ஆண்களைவிடப் பெண் வாக்காளர்கள்தான் அதிகம். வார்டுக்கு ஓட்டுப் போடும்போதும், எம்.எல்.ஏ.வுக்கு ஓட்டுப் போடும்போதும் பெண்ணை ஏற்றுக்கொண்ட மக்கள், எம்.பி.க்கு மட்டும் வேண்டாம் என்றா சொல்வார்கள்?

பக்கத்திலேயே இன்னொரு உதாரணமும் இருக்கிறது. சௌந்தரம் அம்மா ஜெயித்த வேடசந்தூர், இப்போது கரூர் மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. அங்கே 2019-லும் 2024-லும் எம்.பி.யாக ஜெயித்தது காங்கிரஸின் ஜோதிமணி. ஆக, அதே மாவட்டத்து மக்கள்தான், எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் பெண்ணை எம்.பி. ஆக்கியிருக்கிறார்கள்.

அப்படியென்றால் எங்கே அடைக்கிறது? மக்களிடத்தில் இல்லை, கட்சிகளின் அறைக்குள்தான் அடைக்கிறது. ஆறு சட்டமன்றத் தொகுதி, 2024-ல் 15 லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள். சட்டப்படியே ஒரு வேட்பாளர் 95 லட்சம் வரை செலவு செய்யலாம், சட்டத்துக்கு வெளியே நடக்கிறது எல்லாருக்கும் தெரியும். அதனால் தொகுதி பெரிதாக ஆக, யார் செலவு செய்வார்கள், எந்தச் சாதி ஓட்டு எவ்வளவு, கூட்டணியில் எந்தக் கட்சிக்கு எந்த இடம் என்ற கணக்குத்தான் முன்னால் வந்து நிற்கிறது. அந்தக் கணக்குப் போடுகிற மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அங்கே ஒரு பெண்ணின் பேர் எழுதப்படுவதற்கு முன்னாடியே அழிந்துவிடுகிறது. 16 முறை தோற்றது பெண்கள் இல்லை. பெரும்பாலும் அவர்கள் களத்துக்கே விடப்படவில்லை.

மற்றவர்களைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 1967-ல் மதுரையில் கே.பி. ஜானகி அம்மாளையும், 1989-ல் திருவெறும்பூரில் பாப்பா உமாநாத்தையும் சட்டமன்றத்துக்கு அனுப்பிய கட்சி நம் கட்சி. 2014-ல் வடசென்னையில் தோழர் வாசுகியை மக்களவைக்கு நிறுத்தினோம். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து நாம் மக்களவைக்கு அனுப்பிய தோழர்களில் இதுவரை ஒரு பெண்கூட இல்லை. தோழர் சச்சிதானந்தத்தின் உழைப்பையோ வெற்றியையோ குறைத்துச் சொல்லவில்லை. அவர் நம் எம்.பி., நன்றாக இருக்கட்டும். ஆனால் பெண் உரிமைக்காக வீதியில் முதலில் நிற்கிற கட்சி, தன் பட்டியலையும் திருப்பிப் பார்க்க வேண்டும். இதை நாமே சொல்லாவிட்டால், அடுத்தவன் சொல்லும்போது பதில் இருக்காது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் மசோதா முதலில் வந்தது 1996 செப்டம்பரில், தேவகவுடா ஆட்சியில். அதை ஆராய்ந்த கூட்டுக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் கீதா முகர்ஜி. 2010 மார்ச்சில் மாநிலங்களவையில் நிறைவேறியது, மக்களவைக்கு வராமலே செத்துப்போனது. 2023 செப்டம்பரில் மோடி அரசு புதுசாகக் கொண்டுவந்து நிறைவேற்றியது. பெரிய விழா எடுத்தார்கள். ஆனால் உள்ளே ஒரு பூட்டு வைத்தார்கள். சட்டத்துக்குப் பிறகு முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கணும், அதை வைத்துத் தொகுதி மறுவரையறை நடக்கணும், அப்புறம்தான் இடஒதுக்கீடு என்று எழுதினார்கள். விருந்துக்குக் கூப்பிட்டு, இலை போட்டு, சோறு மட்டும் பிறகு என்று சொன்ன கதை. 2024 தேர்தல் அந்த ஒதுக்கீடு இல்லாமலே முடிந்தது. 543 பேரில் பெண்கள் 74. தமிழ்நாட்டின் 39 பேரில் 5.

திண்டுக்கல் பூட்டுக்குப் பேர் போன ஊர். நம்ம ஊர்ப் பூட்டாவது சரியான சாவி போட்டால் திறக்கும். இந்தப் பூட்டைத் திறந்தால் இன்னொரு ஆபத்தும் சேர்ந்து வரும். மக்கள்தொகையை மட்டும் வைத்துத் தொகுதிகளைப் பிரித்தால் நாடாளுமன்றத்தில் தமிழ்நாட்டின் பங்கு குறையும். குடும்பக் கட்டுப்பாட்டை நன்றாகச் செய்ததற்குத் தண்டனை அது. அந்தக் குடும்பக் கட்டுப்பாட்டின் வலியைச் சுமந்தது யார்? ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தவர்கள் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள்தானே! அவர்கள் செய்த காரியத்தைக் காட்டியே மாநிலத்தின் குரலைக் குறைத்து, அந்த வழியாகத்தான் அவர்களுக்கே இடம் கொடுப்போம் என்றால், இதை எப்படி ஏற்பது? பெண்களின் உரிமையையும் மாநிலத்தின் உரிமையையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தாதே என்பதுதான் நம் கோரிக்கை. கணக்கெடுப்போடும் மறுவரையறையோடும் முடிச்சுப் போடாமல், இருக்கிற தொகுதிகளிலேயே ஒதுக்கீட்டைக் கொடு!

சட்டம் வருகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதும் இல்லை. 1952-ல் எந்தச் சட்டமும் சொல்லாமலே ஒரு கட்சி ஒரு பெண்ணை நிறுத்தியது, மக்கள் ஜெயிக்க வைத்தார்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் நாளைக்கே அதைச் செய்யலாம். அதற்கு மனசு ஒன்று போதும்.

நிலக்கோட்டையில் விடிவதற்கு முன்னால் மல்லிகை பறிக்கப் போகிற பெண், நூற்பாலையில் இரவு ஷிப்ட் முடித்து வருகிற பெண், நூறு நாள் வேலைக்குக் கூலி எப்போது வரும் என்று காத்திருக்கிற பெண், இவர்களெல்லாம் ஓட்டுப் போட மட்டும் வரிசையில் நிற்கணுமா? இவர்களில் ஒருவர் டெல்லியில் எழுந்து நின்று பேசக்கூடாதா?

உங்கள் ஊரில் குடிநீருக்காக, ரேஷனுக்காக, கூலிக்காக மற்றவர்களைத் திரட்டி முன்னால் நிற்கிற பெண் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரை அடுத்த கூட்டத்தில் மேடைக்கு முன்னால் உட்கார வைக்காதீர்கள், மேடையில் பேச வையுங்கள். வேட்பாளர் பட்டியல் எழுதும் நாள் வரும்போது, "பொம்பளைய நிறுத்துனா ஜெயிக்காது" என்று யாராவது சொன்னால் மூன்று பேரைச் சொல்லுங்கள்: அம்மு சுவாமிநாதன், சௌந்தரம் ராமச்சந்திரன், பாலபாரதி. மூன்று பேரும் ஜெயித்தது திண்டுக்கல்லில்தான்.

#திண்டுக்கல் #பெண்களுக்கு_இடஒதுக்கீடு_இப்போதே