காட்டுக்கு வெளியே நிறுத்தப்படுவது யார்?

போரிவலிக் காடு காப்பாற்றப்பட வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்துக் கிடையாது. மும்பைக்கும் தானேக்கும் நடுவே ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் பரப்பில் நிற்கிறது அந்தக் காடு. ஏட்டில் அதற்கு சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்று பெயர். அது இல்லாவிட்டால் இந்த நகரம் வெறும் சிமெண்டு மேடுதான். நாம் கேட்பது வேறு. யாரிடமிருந்து காப்பாற்றுகிறீர்கள்? யாரைக் கொண்டு காப்பாற்றுகிறீர்கள்? காப்பாற்றிய பிறகு உள்ளே விடப்போவது யாரை?

இந்தக் கேள்வியைத் தமிழர் சங்கப் பத்திரிகை ஏன் கேட்க வேண்டும் என்று நம்மவர்களிலேயே சிலர் முகம் சுளிக்கலாம். "நாம் பிழைக்க வந்தவர்கள். ரேஷன் கார்டு, வீட்டுப் பிரச்சினை, பிள்ளைகள் படிப்பு, இவற்றுக்கே பொழுது போதவில்லை. காடு நமக்கெதற்கு?" என்பது அவர்கள் வாதம். அவர்களுக்கு நம் பதில் இரண்டே சொல்: மித்தி ஆறு. 1860-இல் கட்டி முடிக்கப்பட்ட விகார் ஏரி அந்தக் காட்டுக்குள்தான் இருக்கிறது. அதுவும் பவாய் ஏரியும் நிரம்பி வழியும் தண்ணீர்தான் மித்தி ஆறாகப் புறப்பட்டு, தாராவியின் ஓரமாக ஓடி, மாகிமில் கடல் சேர்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது மித்தி யார் வீட்டுக்குள் புகுந்தது என்பதை நம் மக்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. மலைமேல் மண்ணையும் மரத்தையும் இழந்தால் அந்த விலையை முதலில் கொடுப்பவன் ஆற்றங்கரையில் குடியிருக்கும் ஏழை. ஆகவே, காடு நம் விவகாரம்தான்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

1995-இல் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. காட்டு நிலத்தில் குடிசை போட்டவர்களை அகற்ற வேண்டும் என்பது வழக்கு. 1997 மே 7 அன்று நீதிமன்றம் அகற்றச் சொல்லி ஆணையிட்டது. 1995 ஜனவரி 1-க்கு முன்பே இருந்ததற்கு ஆதாரம் காட்டுகிறவர்கள் ரூ. 7,000 கட்டினால் மாற்றிடம் என்றார்கள். ஆதாரம் இல்லாதவனுக்கு வானமே கூரை! மராத்தி பேசுகிறவன், இந்தி பேசுகிறவன் என்ற வேறுபாடெல்லாம் புல்டோசருக்குத் தெரியாது. ஏழை என்பது மட்டும் அதற்குத் தெரிந்தது. நிவாரா ஹக் போன்ற இயக்கங்கள் விடாமல் போராடியதால்தான் பின்னர் சாந்திவலியில் ஒரு பகுதியினருக்காவது வீடு கிடைத்தது.

இதில் பெரிய கொடுமை ஒன்று உண்டு. தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த வார்லி முதலான ஆதிவாசிகளையும் "ஆக்கிரமிப்பாளர்" பட்டியலில் சேர்த்தார்கள். சிறுத்தையை வாகோபா என்று தெய்வமாக வைத்துக் கும்பிடுகிற மக்கள் சிறுத்தைக்கு எதிரிகளாம்! பூங்கா என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே அங்கே இருந்தவன் அந்நியன். நேற்று வந்து வேலி போட்டவன் சொந்தக்காரன். இந்த நியாயத்தை எந்த ஊரில் கண்டார்கள்?

சரி, சட்டம் சட்டம்தான் என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததா? பூங்காவை ஒட்டிக் கிடக்கிறது ஆரே. அங்கே மெட்ரோ ரயில் பணிமனை கட்ட வேண்டும் என்று வந்தபோது, "இது காடே அல்ல" என்று அரசே வாதாடியது. 2019 அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்றம் எதிர்மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அன்று இரவே ரம்பங்கள் வந்துவிட்டன. உச்ச நீதிமன்றம் அக்டோபர் 7-இல் தலையிடுவதற்குள் 2,141 மரங்கள் விழுந்தன. தடுக்கப் போன இளைஞர்களைக் கைது செய்தார்கள். பிறகு 84 மரங்களுக்கு அனுமதி வாங்கிய மெட்ரோ நிறுவனம் அதற்கு மேலும் வெட்டப் போனதற்காக 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 10 லட்ச ரூபாய் கட்டச் சொன்னது. ஏழை குடிசை போட்டால் காடு. அரசு கொட்டகை போட்டால் காடில்லை. இதுதான் இவர்கள் அகராதி.

மெட்ரோ வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்த ரயில் இன்று தாராவியிலும் நிற்கிறது. நம் மக்களும் ஏறிப் போகிறார்கள். பூங்காவின் அடியில் இன்று இரண்டு சாலைச் சுரங்கத் திட்டங்கள் நடக்கின்றன. நகருக்குச் சாலையும் வேண்டியதுதான். ஆனால் பெரிய திட்டத்துக்கு வளைகிற சட்டம், பாடாவில் இருக்கும் ஆதிவாசியின் ஓட்டு வீட்டுக்கு ஏன் வளைய மறுக்கிறது என்று கேட்கிறோம். இந்த ஓரவஞ்சனையை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

"இப்போது காலம் மாறிவிட்டது, மக்கள் பங்கேற்போடுதான் காடு காக்கிறோம்" என்று அதிகாரிகள் சொல்வார்கள். கூட்டு வன மேலாண்மை என்று மத்திய அரசு சுற்றறிக்கை அனுப்பியது 1990 ஜூன் 1-இல். முப்பத்தைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. பல மாநிலங்களில் நடந்தது என்ன? குழு மக்கள் குழுவாம். செயலாளர் வனத்துறை அலுவலராம். கூட்டம் அவர் கூட்டும்போதாம். கணக்கு அவர் பெட்டியிலாம். மரம் நடக் கூலிக்கு ஆள் வேண்டுமென்றால் மக்கள், முடிவெடுக்கும்போது துரைமார். இதற்குப் பெயர் பங்கேற்பா, வெட்டி வேலையா?

அதிகாரத்தை உண்மையிலேயே கொடுத்த இடங்களில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். இதே மகாராஷ்டிராவில், கட்சிரோலி மாவட்டத்தில், மேண்டா லேகா என்ற சிற்றூர் உண்டு. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி 2009-இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின் மீது அந்த ஊருக்குச் சமூக உரிமை கிடைத்தது. 2011-இல் மூங்கிலை வெளியே கொண்டுபோகும் அனுமதிச் சீட்டைக் கொடுக்கும் அதிகாரமும் கிராம சபையிடமே வந்தது. காடு அழிந்ததா? இல்லை. மூங்கில் விற்ற பணம் ஊருக்கு வந்தது, காவலும் ஊருடையதாயிற்று.

நம் கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலே தேக்கடி இருக்கிறது. பெரியாறு புலிகள் காப்பகத்தில் காட்டு இலவங்கப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்துப் பிழைத்தவர்களை 1998-இல் குழுவாகச் சேர்த்து, அவர்களையே காவல்காரர்களாகவும் வழிகாட்டிகளாகவும் ஆக்கினார்கள். பின்னர் தமிழ்நாட்டு எல்லைப்புறத்து ஆட்களும் 'விடியல்' என்ற பெயரில் அப்படி ஒரு குழுவில் சேர்ந்தார்கள். திருடனுக்குத் தெரிந்த காட்டு வழி தாசில்தாருக்குத் தெரியுமா? கையில் விலங்கு மாட்டியபோது நடக்காதது, கையில் வேலை கொடுத்தபோது நடந்தது.

அவ்வளவு தூரம் போவானேன், போரிவலியிலேயே பாடம் இருக்கிறது. 2004-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிறுத்தை அடித்து மனிதர் சாவது உச்சத்துக்குப் போனது. பிடித்த சிறுத்தைகளைக் கொண்டுவந்து வேறு இடத்தில் விட்டதும் அதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். 2011-இல் வனத்துறை நகர மக்களைச் சேர்த்துக்கொண்டு வேறு வழியில் இறங்கியது. குப்பை குவிந்தால் நாய் வரும். நாய் வந்தால் சிறுத்தை வரும். கழிப்பறை இல்லாத பெண்ணும் பிள்ளையும் இருட்டில் அதன் வழியில் அகப்படுகிறார்கள். இதை வீதி வீதியாகச் சொன்னார்கள். தாக்குதல் குறைந்தது. அடியோடு நின்றதென்று நாம் சொல்லவில்லை. 2022 அக்டோபரில்கூட ஆரேயில் ஒரு கைக்குழந்தை பலியானது. சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது, குப்பையை அள்ள வேண்டும், கழிப்பறை கட்ட வேண்டும் என்பதே அதன் பொருள். அது மாநகராட்சியின் கடமை.

"கதவைத் திறந்துவிட்டால் கூட்டம் காட்டை மிதித்து அழித்துவிடும்" என்பார்கள். கட்டுப்பாடில்லாமல் திறந்துவிடு என்று யார் சொன்னது? விலங்கு குட்டி போடும் நடுக்காட்டை மூடுங்கள். ஆனால் மூடினால் எல்லோருக்கும் மூடுங்கள். மந்திரியின் விருந்தாளிக்கும் சேர்த்து மூடுங்கள். மற்ற இடங்களுக்கு நாளுக்கு இத்தனை பேர் என்று கணக்கு வையுங்கள். அந்த இடம் காசுள்ளவனுக்கு மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தினக்கூலிக்காரன் ஐந்து பேர் குடும்பத்தோடு டிக்கெட்டும் வண்டிச் சத்தமும் கொடுத்துக் கன்னேரிக் குகை வரை போய் வருவதென்றால் ஒரு நாள் கூலி மிஞ்சுமா? காட்டைக் கண்ணால் பார்க்காத பிள்ளை நாளைக்கு எதைக் காக்கும்?

ஏழைக் குடியிருப்பும் பசுமையும் ஒன்றாக இருக்க முடியாது என்பவர்கள் தாராவிக்கு வரட்டும். மித்திக் கரையில் ஊர்க் குப்பையெல்லாம் கொட்டிய மேட்டில் 37 ஏக்கரில் மரம் வளர்த்து 1994-இல் திறந்தார்களே, மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா, அது எங்கே நிற்கிறது? நம் குடிசைகளுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

ஆகவே நாம் கேட்பவை இவை:

ஒன்று: வன உரிமைச் சட்டம் தேசியப் பூங்காவுக்கும் பொருந்தும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. உரிமை கோரிக்கைகளை விசாரித்து முடிக்கும் வரை வெளியேற்றக் கூடாது என்றும் சொல்கிறது. பூங்காவிலும் ஆரேயிலும் உள்ள பாடாக்களில் அந்த விசாரணையை முதலில் முடியுங்கள். நகர எல்லைக்குள் இருப்பதைச் சாக்குச் சொல்லித் தட்டிக் கழிக்காதீர்கள்.

இரண்டு: ஒவ்வொரு வாயிலுக்கும் ஒரு குழு. அதில் பாடா மக்களும் காட்டோரக் குடியிருப்பு மக்களும் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நுழைவுக் கட்டண வரவுசெலவை வாயிலிலேயே எழுதி ஒட்ட வேண்டும்.

மூன்று: வழிகாட்டி, காவல், கடை ஆகிய வேலைகளில் ஆதிவாசி இளைஞர்களுக்கு முதலுரிமை.

நான்கு: மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மராத்தி, இந்தி, உருது, தமிழ் எந்த வழிப் பள்ளியானாலும், ஆண்டுக்கு ஒரு நாளாவது இலவச நுழைவும் பேருந்தும்.

ஐந்து: காட்டோரக் குடியிருப்பு ஒவ்வொன்றிலும் தினமும் குப்பை அகற்றுதல், விளக்கு, கழிப்பறை.

நம் மக்களுக்கும் ஒரு வார்த்தை. உரிமை கேட்கிறவன் கடமைக்கும் தோள் கொடுக்க வேண்டும். காட்டோரத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களிடம் தமிழில் பேச ஆள் வேண்டும். ஏரிக்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கக் கை வேண்டும். பாடா மக்கள் மனு கொடுக்கப் போகும்போது பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும். நம்மை "வெளியூர்க்காரன், போ" என்று இந்த நகரம் விரட்டிய நாட்கள் உண்டு. அந்தச் சொல்லைத் தன் சொந்தக் காட்டிலேயே கேட்கிறான் வார்லி. அவன் பக்கம் நிற்காமல் நாம் வேறு யார் பக்கம் நிற்பது? தோழர்களே, கிளைதோறும் இந்த ஐந்து கோரிக்கைகளையும் படித்து விவாதியுங்கள். கையெழுத்துத் திரட்டுங்கள். வனத்துறை அலுவலகத்துக்கு நாம் கூட்டமாகப் போவோம். ஆதிவாசித் தோழர்கள் முன்னே நடக்கட்டும், நாம் பின்னே நடப்போம்.